ஷெல் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: வடசென்னை மாலை வகுப்பிலிருந்து

வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, எண்ணூர் பக்கமிருந்து மாலை வகுப்புக்கு வருகிறவர்களில் பாலிடெக்னிக் பிள்ளைகள் உண்டு, கலைக்கல்லூரி மாணவிகள் உண்டு, ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராக வருகிறவர்களும் உண்டு. லினக்ஸ் ஷெல்லைத் தொட்டதும் அவர்கள் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

கட்டளைகளை வகுப்பில் வாயால் சொல்கிறபடியே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள். குழப்பம் வரும் இடத்தில் எழுத்துக்கூட்டிச் சொல்லியிருக்கிறேன். ஃபைல், ஃபோல்டர் பெயர்களை மட்டும் தமிழிலேயே தட்டலாம், லினக்ஸ் தாராளமாக ஏற்கும்.

ஷெல், டெர்மினல், யூனிக்ஸ், லினக்ஸ்: நாலும் ஒன்றா?

இல்லை. டெர்மினல் என்பது நீங்கள் தட்டுகிற ஜன்னல். அதற்குள் ஓடிக்கொண்டு, நீங்கள் தட்டிய வரியைப் படித்து, எந்த நிரலை ஓட்ட வேண்டும் என்று முடிவு செய்வது ஷெல். யூனிக்ஸ் 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய இயங்குதளம். லினக்ஸ் அதே பாணியில் 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் புதிதாக எழுதத் தொடங்கியது. நம் வகுப்பில் ஓடுகிற ஷெல்லின் பெயர் பேஷ், 1989-ல் வெளிவந்தது. மேக் கணினியில் 2019 முதல் இயல்பாக வருவது இசட்ஷெல். தொடக்கப் பாடத்துக்கு இரண்டிலும் பெரிய வித்தியாசம் தெரியாது.

வீட்டில் பழைய லேப்டாப்தான் இருக்கிறது. புதிது வாங்க வேண்டுமா?

வேண்டாம். கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் கிடைக்கிற, 2 ஜிபி ராம் உள்ள கணினியே ஷெல் படிக்கப் போதும். இலகுவான லினக்ஸ் ஒன்றைப் பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்தே ஓட்டலாம். உள்ளே இருக்கிற விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது. விண்டோஸ் 10, 11 இருந்தால் பவர்ஷெல்லை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து "டபிள்யூஎஸ்எல் --இன்ஸ்டால்" என்று தட்டினால் உபுண்டு வந்துவிடும். கணினியே இல்லையா? ஆண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸ் போதும். திருவொற்றியூரிலிருந்து மெட்ரோவில் போகிற நேரத்தில் போனிலேயே பயிற்சி செய்கிற பிள்ளைகளைப் பார்க்கிறேன், நன்றாகத்தான் செய்கிறார்கள்.

நான் தமிழ் மீடியம். இங்கிலீஷ் தெரியாமல் இது வருமா அக்கா?

வரும். இந்தக் கேள்வியை மிகத் தயங்கிக் கேட்கிறார்கள், அதனால்தான் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். கட்டளைகள் ஆங்கில வாக்கியங்கள் அல்ல. ஆங்கிலத்தில் கட்டுரை எழுதத் தெரிந்தவருக்கும் "கிரெப்" என்றால் என்னவென்று பிறந்ததிலிருந்து தெரியாது. அந்த இடத்தில் எல்லோரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறோம்.

ஆங்கிலம் தேவைப்படும் இடம் பிழைச் செய்தி. அதிலும் திரும்பத் திரும்ப வருபவை நாலைந்துதான். ஒன்றை நிதானமாகப் பிரித்துப் பார்ப்போம். கணக்கு என்ற ஃபைலைத் திறக்கப் போய் கணகு என்று தட்டிவிட்டீர்கள். திரை சொல்வது:

    கேட்: கணகு: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி

முக்காற்புள்ளிகள் இந்த வரியை மூன்று துண்டாக்குகின்றன. முதல் துண்டு, புகார் சொல்வது யார் என்பது: ஃபைலில் இருப்பதைத் திரையில் காட்டுகிற கேட் என்ற நிரல், எழுத்துகள் சி, ஏ, டி. இரண்டாவது, எதைப் பற்றி என்பது: கணகு. மூன்றாவது, காரணம்: அப்படி ஒரு ஃபைலோ ஃபோல்டரோ இங்கே இல்லை. நடுத்துண்டைப் பார்த்தாலே எழுத்துப்பிழை கண்ணில் பட்டுவிடும்.

மற்றவை இவை. "பெர்மிஷன் டினைடு" என்றால் அதைத் தொட உங்களுக்கு அனுமதி இல்லை. "கமாண்ட் நாட் ஃபவுண்ட்" என்றால் அந்தப் பெயரில் நிரல் எதுவும் அகப்படவில்லை; தப்பாகத் தட்டியிருப்பீர்கள், அல்லது அது இன்னும் நிறுவப்படவில்லை. "இஸ் எ டைரக்டரி" என்றால் ஃபைல் கேட்ட இடத்தில் ஃபோல்டரைக் கொடுத்திருக்கிறீர்கள். இவ்வளவுதான் ஆரம்பத்துக்கு. சிவப்பாக ஏதாவது வந்ததும் ஜன்னலை மூடிவிடாதீர்கள், வரியைப் படியுங்கள். என் வகுப்பில் முன்னேறுகிறவர்கள் எல்லோரும் இதைச் செய்கிறவர்கள்தான்.

முதலில் எதைத் தட்டுவது?

பிடபிள்யூடி. இப்போது எந்த ஃபோல்டரில் நிற்கிறீர்கள் என்று சொல்லும். அடுத்து எல்எஸ், அந்த ஃபோல்டரில் என்னென்ன இருக்கிறது என்று காட்டும். எல்எஸ் -எல் என்றால் அளவு, தேதி, யாருடையது என்ற விவரமும் வரும். புள்ளியில் தொடங்கும் பெயர்கள் மறைந்திருக்கும், அவற்றையும் பார்க்க எல்எஸ் -ஏ.

ஃபோல்டர் உண்டாக்க எம்கேடிர். எழுத்துகள் எம், கே, டி, ஐ, ஆர். இதைச் செய்து பாருங்கள்:

    எம்கேடிர் -பி வடசென்னை/ராயபுரம்/காசிமேடு
    சிடி வடசென்னை/ராயபுரம்
    பிடபிள்யூடி

-பி கொடுத்ததால் மூன்று ஃபோல்டரும் ஒன்றுக்குள் ஒன்றாக ஒரே அடியில் உருவாகிவிடும். சிடி உங்களை உள்ளே கொண்டு போகிறது. சிடி .. என்றால் ஒரு படி மேலே. சிடி என்று மட்டும் தட்டினால் எங்கிருந்தாலும் உங்கள் வீட்டு ஃபோல்டருக்கு வந்துவிடுவீர்கள். அதன் குறி ~.

சில பாதை / குறியோடு தொடங்குகிறது, சிலது இல்லை. ஏன்?

/ குறியில் தொடங்கினால் அது முழு முகவரி. தபால்காரர் எந்த ஊரில் இருந்தாலும் வந்து சேர்ந்துவிடுவார். அது இல்லாவிட்டால் "இங்கேயிருந்து ரெண்டாவது தெரு" என்று வழி சொல்கிற மாதிரி. எங்கே நின்று சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்து வேறு வேறு இடத்தில் கொண்டு விடும். கட்டளை நேற்று வேலை செய்தது, இன்று செய்யவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். நீங்கள் வேறு ஃபோல்டரில் நிற்கிறீர்கள். பிடபிள்யூடி தட்டிப் பாருங்கள்.

பெயர்கள் ஏன் இப்படி ரெண்டு மூன்று எழுத்தாக இருக்கின்றன?

யூனிக்ஸ் எழுதப்பட்ட நாளில் திரை கிடையாது. டெலிடைப் என்ற தட்டச்சு இயந்திரத்தில் தட்டினார்கள், பதில் காகிதத்தில் அச்சாகி வந்தது. வேகம் நொடிக்கு 10 எழுத்து. அந்தக் கனமான விசைகளைத் தட்டுகிற யாருக்கும் குறைத்துத் தட்டத்தான் தோன்றும்.

ஃபைலை நகலெடுத்தேன், ஒன்றுமே சொல்லவில்லை. நடந்ததா இல்லையா?

நடந்தது. சிபி நகலெடுக்கும், எம்வி இடம் மாற்றும் அல்லது பெயர் மாற்றும். இரண்டுமே வேலை சரியாக முடிந்தால் வாய் திறக்காது. சிக்கல் இருந்தால்தான் பேசும். சந்தேகம் என்றால் எல்எஸ் தட்டுங்கள். ஆனால் ஒன்று: அதே பெயரில் ஏற்கெனவே ஃபைல் இருந்தால் இரண்டும் கேட்காமலேயே அதன் மேல் எழுதிவிடும். -ஐ சேர்த்தால் கேட்கும்.

ஆர்எம் கொடுத்து அழித்ததைத் திரும்ப எடுக்க முடியுமா?

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஷெல்லில் குப்பைத்தொட்டி இல்லை. இந்த ஒரு விஷயத்தில் பயம் இருப்பது நல்லது.

எங்கே தப்பு நடக்கிறது என்று காட்டுகிறேன். பழைய என்று தொடங்கும் ஃபைல்களை எல்லாம் அழிக்க வேண்டும்:

    ஆர்எம் பழைய*
    ஆர்எம் பழைய *

இரண்டு வரிக்கும் ஓர் இடைவெளிதான் வித்தியாசம். முதல் வரி பழைய என்று தொடங்குபவற்றை மட்டும் அழிக்கும். இரண்டாவது, பழைய என்ற ஒரு ஃபைலையும், அப்புறம் அந்த ஃபோல்டரில் இருக்கிற எல்லா ஃபைலையும் அழிக்கும். காரணம், நட்சத்திரத்தைப் பெயர்களாக விரிப்பது ஆர்எம் அல்ல, ஷெல். ஆர்எம் கையில் கிடைப்பது விரிந்த பட்டியல்தான். அதனால் ஆர்எம் தட்டும் முன் அதே குறியோடு எல்எஸ் தட்டுங்கள். எல்எஸ் எதைக் காட்டுகிறதோ அதுதான் போகப்போகிறது. பட்டியல் சரியாக இருந்தால் மேல் அம்புக்குறியை அழுத்தி, எல்எஸ்ஸை மட்டும் ஆர்எம் என்று மாற்றுங்கள்.

இதே இடைவெளிதான் பெயரில் இருந்தாலும் தொல்லை. ரேஷன் கார்டு என்று ஃபைலுக்குப் பெயர் வைத்தால் ஷெல் அதை இரண்டு பெயராகப் படிக்கும். மேற்கோள் குறிக்குள் போடுங்கள், அல்லது பெயர் வைக்கும்போதே ரேஷன்-கார்டு என்று வையுங்கள்.

இதை வைத்து நிஜமாகவே என்ன செய்யலாம்? எல்லாம் மவுஸிலேயே முடிகிறதே?

ஃபைல் திறப்பது, நகர்த்துவது மவுஸிலேயே முடியும்தான். ஷெல்லின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. காசிமேட்டில் மீன் வாங்கி விற்கிற வீட்டுப் பிள்ளைகள் வகுப்பில் உண்டு. அவர்களை வீட்டுக் கணக்கையே பயிற்சிக்கு எடுக்கச் சொல்வேன். புத்தகத்தில் இருக்கிற கற்பனை ஊழியர் பட்டியலைவிட அதில்தான் பாடம் பதிகிறது, விடை சரியா தப்பா என்று அவர்களுக்கே தெரியும் என்பதால். கணக்கு என்ற ஃபைலில் மீன் பெயரும் கிலோவும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

    வஞ்சிரம் 4
    சங்கரா 10
    வஞ்சிரம் 7
    நெத்திலி 15
    சங்கரா 6
    வஞ்சிரம் 3

வஞ்சிரம் வரிகள் மட்டும் வேண்டும்:

    கிரெப் வஞ்சிரம் கணக்கு

மூன்று வரி வரும். இப்போது எந்த மீன் எத்தனை தடவை வந்தது என்று தெரிய வேண்டும். அதற்கென்று தனியாக ஒரு நிரல் கிடையாது. சின்னச் சின்ன நிரல்களைக் கோக்க வேண்டும். கோக்கிற குறி | , பெயர் பைப்:

    கட் -டி ' ' -எஃப் 1 கணக்கு | சார்ட் | யூனிக் -சி | சார்ட் -என்ஆர்

இடமிருந்து வலமாகப் படியுங்கள். கட், ஒவ்வொரு வரியையும் இடைவெளியில் வெட்டி முதல் துண்டை மட்டும் எடுக்கிறது. கிலோ போய்விட்டது, மீன் பெயர் மட்டும் மிச்சம். சார்ட் வரிசைப்படுத்துகிறது. யூனிக்கின் எழுத்துகள் யு, என், ஐ, கியூ; அது ஒரே மாதிரி வரிகளை ஒன்றாக்கி எண்ணிக்கை போடுகிறது. கடைசி சார்ட், எண்ணிக்கையைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்குகிறது. விடை:

    3 வஞ்சிரம்
    2 சங்கரா
    1 நெத்திலி

நடுவில் இருக்கிற முதல் சார்ட்டை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஒன்றுசேராமல் ஆறு வரியும் வரும், ஒவ்வொன்றுக்கும் எண்ணிக்கை 1. யூனிக் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற வரிகளைத்தான் ஒப்பிடும்; தள்ளி இருந்தால் அதற்குத் தெரியாது. அதனால்தான் முதலில் வரிசைப்படுத்துகிறோம்.

கணக்கில் ஆறு வரி இருந்தாலும் ஆறு லட்சம் வரி இருந்தாலும் கட்டளை இதேதான். பைப் யோசனை பெல் ஆய்வகத்தின் டக் மெக்கில்ராய் சொன்னது. 1973-ல் தாம்சன் யூனிக்ஸில் சேர்த்தார். ஷெல்லில் நான் மிகவும் மதிக்கிற விஷயம் இதுதான். நீளமான வரியைப் பார்த்து மலைக்காதீர்கள். முதல் துண்டை மட்டும் ஓட்டுங்கள், விடையைப் பாருங்கள், அடுத்த துண்டைச் சேருங்கள். கிலோவைக் கூட்ட ஆக் என்ற நிரல் இருக்கிறது, எழுத்துகள் ஏ, டபிள்யூ, கே. அது அடுத்த மாதப் பாடம்.

விடையை ஃபைலில் சேமிப்பது எப்படி?

> போட்டுப் பெயர் கொடுங்கள். ஏற்கெனவே இருக்கிற ஃபைலின் கடைசியில் சேர்க்க >>. ஒற்றைக் குறி பழையதைத் துடைத்துவிட்டு எழுதும், கேட்காது.

இதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்:

    சார்ட் கணக்கு > கணக்கு

வரிசைப்படுத்தி அதே ஃபைலில் போடலாம் என்று தோன்றும். ஆனால் ஷெல் முதலில் > குறியைக் கவனித்து கணக்கைக் காலி செய்கிறது. அதற்குப் பிறகுதான் சார்ட் ஓடுகிறது. படிக்க ஒன்றும் இருக்காது. வேறு பெயரில் எழுதி, சரிபார்த்து, பிறகு எம்வி கொடுங்கள். அல்லது சார்ட் -ஓ கணக்கு கணக்கு. அது படித்து முடித்த பிறகே எழுதும்.

டெர்மினலில் தமிழ் எழுத்து உடைந்து தெரிகிறது. ஃபைல் கெட்டுவிட்டதா?

இல்லை. பல டெர்மினல்கள் திரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று வரைகின்றன. நம் கொம்பும் புள்ளியும் அந்தக் கட்டத்துக்குள் சரியாக அடங்குவதில்லை. அதே ஃபைலைச் சாதாரண எடிட்டரில் திறந்தால் ஒழுங்காக இருக்கும்.

இதையொட்டி ஒரு சோதனை செய்து பாருங்கள். எக்கோ, கொடுத்ததை அப்படியே திருப்பிச் சொல்லும். டபிள்யூசி எண்ணும்: -எம் என்றால் எழுத்துக் குறிகளை, -சி என்றால் பைட்டுகளை, அதாவது சேமிக்கப் பிடிக்கிற இடத்தை:

    எக்கோ தமிழ் | டபிள்யூசி -எம்
    எக்கோ தமிழ் | டபிள்யூசி -சி

முதலாவது 6 என்கும், இரண்டாவது 16 என்கும். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்குள் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து. வரி முடிவைச் சேர்த்தால் ஆறு. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கிற யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். ஐந்து மூன்று பதினைந்து, வரி முடிவுக்கு ஒன்று. மீன என்று தேடினால் மீன் என்ற சொல்லும் கிரெப்பில் சிக்குவது இதனால்தான்: ன் என்பது உள்ளே ன-வும் புள்ளியும். லினக்ஸில் ஃபைல் பெயருக்கு வழக்கமான உச்சவரம்பு 255 பைட். தமிழில் அது 85 குறிகள். கல்யாணப் பத்திரிகை வாசகம் மாதிரி பெயர் வைக்காவிட்டால் போதும்.

மாட்டிக்கொண்டேன், வெளியே வர முடியவில்லை.

ஓடுகிற நிரலை நிறுத்த கன்ட்ரோல் + சி. இதனால்தான் டெர்மினலில் காப்பி செய்ய அது பயன்படாது. லினக்ஸில் ஷிஃப்டையும் சேர்த்து அழுத்துங்கள். பக்கம் பக்கமாகக் காட்டுகிற லெஸ், மேன் இரண்டிலிருந்தும் வெளியேற கியூ. விஐ எடிட்டரில் சிக்கினால் எஸ்கேப் அழுத்தி :கியூ! தட்டி என்டர்; மாற்றியது சேமிக்கப்படாது. திரை அப்படியே உறைந்து எதைத் தட்டினாலும் தெரியவில்லையா? சேமிக்கிற பழக்கத்தில் கன்ட்ரோல் + எஸ் அழுத்தியிருப்பீர்கள். கன்ட்ரோல் + கியூ அழுத்தினால் உயிர் வரும். கற்றுக்கொள்கிறவர்கள் விஐ-யில் தொடங்க வேண்டாம், நானோ என்ற எளிய எடிட்டர் போதும்.

சூடோ பாஸ்வேர்டு கேட்கிறது. தட்டினால் ஒன்றும் விழவில்லையே?

விழுகிறது. பக்கத்தில் இருப்பவருக்கு எத்தனை எழுத்து என்றுகூடத் தெரியக்கூடாது என்று திரையில் காட்டுவதில்லை. தட்டி முடித்து என்டர் அழுத்துங்கள். சூடோ, எழுத்துகள் எஸ், யு, டி, ஓ, ஒரு கட்டளையைக் கணினியின் முழு அதிகாரத்தோடு ஓட்டுவதற்கு; அதனால்தான் பாஸ்வேர்டு கேட்கிறது.

நெட்டில் பார்த்த கட்டளையை அப்படியே ஒட்டலாமா? ஏஐ சொல்வதை?

ஒட்டும் முன் ஒவ்வொரு சொல்லும் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சூடோ என்று தொடங்கினால் இருமடங்கு கவனம் வேண்டும். அது கணினியின் முழு அதிகாரத்தோடு ஓடும். இணையத்திலிருந்து எதையோ இறக்கி நேராகப் பைப்பில் பேஷ்ஷுக்கு அனுப்புகிற வரியைக் கண்டால் நிறுத்திக் கேளுங்கள். தெரியாத கட்டளைக்கு முன்னால் மேன் சேர்த்தால் கையேடு வரும். முதல் யூனிக்ஸ் கையேடு 1971 நவம்பரில் வந்தது. அந்த வழக்கம் இன்றும் கணினிக்குள்ளேயே இருக்கிறது, நெட் இல்லாமலும் படிக்கலாம். / தட்டிச் சொல்லைக் கொடுத்தால் அந்த இடத்துக்குத் தாவும்.

எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

தேவையில்லை. பெயரின் முதல் ரெண்டு எழுத்தைத் தட்டி டேப் அழுத்துங்கள், மீதியை ஷெல் நிரப்பும், எழுத்துப்பிழையும் வராது. பழைய கட்டளையைத் தேட கன்ட்ரோல் + ஆர்.

இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?

ஷெல் மட்டும் தெரிந்தால் வேலை கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சர்வர் நிர்வாகம், கிளவுட், டெஸ்டிங், சப்போர்ட் என்று எந்தப் பக்கம் போனாலும் இது முன்னால் வந்து நிற்கும். 2017 நவம்பரிலிருந்து உலகின் முதல் 500 சூப்பர் கணினிகளும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. பட்டியலில் ஒன்றுகூட விலக்கு இல்லை. சான்றிதழுக்குப் பணம் கட்டும் முன், உங்கள் சொந்த வேலை ஒன்றை ஷெல்லில் முடித்துக் காட்டுகிற அளவுக்கு வாருங்கள். நேர்முகத்தில் அதை விளக்கிச் சொல்லும்போது குரலே வேறாக இருக்கும்.

தினமும் ஒரே கட்டளைகளைத்தான் தட்டுகிறேன். ஒன்றாக்க முடியுமா?

முடியும், அதற்குப் பெயர் ஸ்கிரிப்ட். தினமும் கணக்கை நகலெடுத்து வைப்பதையே எடுத்துக்கொள்வோம். நானோவில் நகல் என்ற ஃபைலைத் திறந்து இதை எழுதுங்கள்:

    #!/பின்/பேஷ்
    சிடி ~
    சிபி கணக்கு கணக்கு-$(டேட் +%எஃப்)

முதல் வரி, இதை ஓட்ட வேண்டியது பேஷ் என்று சொல்கிறது. எஃப் மட்டும் பெரிய எழுத்து. $( ) உள்ளே இருப்பதை ஷெல் முதலில் ஓட்டி, கிடைத்த தேதியை அந்த இடத்தில் வைக்கும். கணக்கு-2025-01-15 என்பது போலத் தேதியோடு நகல் உருவாகும். பிறகு சிஹெச்மாட் +எக்ஸ் நகல் என்று ஒருமுறை தட்டி ஓட்டும் அனுமதி கொடுங்கள். ஓட்டுவதற்கு ./நகல், முன்னால் புள்ளியும் கோடும் வேண்டும், ஏனென்றால் நீங்கள் நிற்கிற ஃபோல்டரில் ஷெல் தானாக நிரலைத் தேடாது.

இதைத் தினமும் இரவு 9 மணிக்குத் தானாக ஓட்ட, கிரான்டேப் -இ என்று தட்டி, 0 21 * * * என்று எழுதி, பக்கத்தில் ஸ்கிரிப்டின் முழுப் பாதையைக் கொடுங்கள். 0 நிமிடம், 21 மணி, மூன்று நட்சத்திரமும் எல்லா நாளும் என்று அர்த்தம். அந்த நேரத்தில் கணினி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அணைந்திருந்தால், குறித்த நேரத்தில் வேலையை ஓட்டுகிற கிரான் என்ற நிரல் அன்றைய வேலையை விட்டுவிடும், காலையில் நீங்கள் ஆன் செய்த பிறகும் அதைச் செய்யாது.